இல்லறத்தில் ஒரு நீதிமான்: மகாதேவ கோவிந்த ரானடே

வழக்காடும் இருவருக்கிடையே நீதி சொல்வது கற்றறிந்தவர்க்கு இயலக்கூடிய செயல். சட்டம் துணைக்கு நிற்கிறது. சாட்சிகள் வந்து சொல்கிறார்கள். தீர்ப்பு எழுதியதும் வழக்கு முடிந்துவிடுகிறது. தந்தைக்கும் தன் கொள்கைக்கும் இடையே, மனைவிக்கும் சிற்றன்னைக்கும் இடையே நீதி சொல்ல நேரும்போது அந்தத் துணைகளில் எதுவும் இல்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாக விளங்கிய மகாதேவ கோவிந்த ரானடே இவ்விரண்டாம் வகை வழக்குகளை வாழ்நாள் முழுவதும் தம் இல்லத்திலேயே சந்தித்தார். அவற்றுள் மிகப் பெரிய வழக்கில் அவர் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்வே அவருடைய சரித்திரத்தில் நெஞ்சை நெகிழச் செய்யும் பகுதி.

1842 ஜனவரி 18 அன்று நாசிக் மாவட்டத்து நிபாட் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை கோவிந்தராவ் பின்னர் கோலாப்பூர் சமஸ்தானத்தில் பணியாற்றியதால், பிள்ளைப் பருவம் அவ்வூரில் கழிந்தது. நிபாடிலிருந்து கோலாப்பூருக்கு மாட்டுவண்டியில் குடும்பம் சென்ற ஓரிரவில், உறங்கிக்கொண்டிருந்த குழந்தை வண்டியிலிருந்து நழுவிப் பாதையில் விழுந்துவிட்டது. வண்டியில் இருந்தவர்கள் அறியவில்லை. பின்னால் குதிரையில் வந்த சிற்றப்பாவின் குதிரைக் குளம்பொலி கேட்டதும், அந்தச் சிறுவன் அழாமல், அவரை முறைசொல்லி அழைத்துத் தான் விழுந்துவிட்டதைத் தெரிவித்தானாம். பிற்காலத்தில் எத்தனையோ முறை விழ நேர்ந்தபோதும் கூக்குரலிடாத இயல்பு அன்றே தெரிந்துவிட்டது போலும்!

பருத்த உடல், மெதுவான நடை, அதிகம் பேசாத வாய். இந்தப் பிள்ளை என்ன தேறப்போகிறான் என்று தாயார் கவலைப்பட்டதுண்டு. தாயார் ஒருநாள் பர்பித் துண்டுகள் இரண்டைக் கொடுத்து, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை வேலைக்காரியின் பிள்ளைக்குத் தரும்படி சொன்னார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மகன் பெரியதை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுச் சிறியதைத் தானுண்டான். தாயார் கேட்டதற்கு, மற்றவனுக்குக் கொடுக்கச் சொன்னதால் கொடுத்தேன் என்பதற்கு மேல் அவனிடம் விளக்கம் இல்லை.

இன்னொரு நாள் சொக்கட்டான் ஆட யாரும் அகப்படவில்லை. வீட்டுத் தூணையே எதிராளியாகப் பாவித்து ஆடினான். தூணுக்காக வலக்கையாலும் தனக்காக இடக்கையாலும் காயுருட்டினான். தூண் வென்றது, பார்த்தவர்கள் நகைத்தார்கள். பழகிய வலக்கை தூணுக்குரியதாக இருந்ததால் தூண் வென்றது, இதில் நகைக்க என்ன இருக்கிறது என்பதே சிறுவனின் எண்ணம். தனக்கு எதிராகவும் நேர்மையாகக் காயுருட்டிய அந்தக் கைதான் பின்னாளில் தீர்ப்புகள் எழுதியது.

இளமையிலேயே தாயாரை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை, அவர்வழி வந்த தம்பிகள், அத்தைமார், இளவயதிலேயே கணவரை இழந்து பிறந்தகம் வந்துவிட்ட சகோதரி துர்கா ஆகியோர் அடங்கிய பெரிய குடும்பம் அது. அந்தக் குடும்பத்தின் பாரம் முழுவதும் காலப்போக்கில் ரானடேயின் தோளில் இறங்கியது. அவர் அதை ஒருநாளும் பாரமாகக் கருதியதில்லை.

பதினான்காம் வயதில் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1859-இல் நடத்திய முதல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியவர்களில் அவர் ஒருவர். 1862-இல் முதல் பி.ஏ. அணியிலும் அவர் இருந்தார். 1864-இல் எம்.ஏ. பட்டமும் 1866-இல் சட்டப் பட்டமும் பெற்றார். இரவு பகல் பாராமல் படித்ததில் கண்பார்வை கெட்டது. மராட்டிய ஆட்சியை ஆங்கிலேய ஆட்சியோடு ஒப்பிட்டு ஆங்கிலேயருக்கு உவப்பில்லாத முறையில் கட்டுரை எழுதியதற்காக, கல்லூரி முதல்வர் அலெக்ஸாண்டர் கிராண்ட் ஆறு மாதம் அவருடைய உதவித்தொகையை நிறுத்திவைத்தார். அதே முதல்வர் மாணவரின் அறிவில் மிகுந்த மதிப்பும் வைத்திருந்தார். ரானடேயும் தம் ஆசிரியரிடம் கொண்ட மதிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை.

மொழிபெயர்ப்பாளர், சமஸ்தான அதிகாரி, கல்லூரி ஆசிரியர் எனச் சில பணிகளைக் கடந்து, 1871-இல் புனே நகரில் முதல் வகுப்புச் சார்பு நீதிபதியாக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29.

தந்தை சொல்

அக்காலத்து மகாராஷ்டிரத்தில் மிகவும் கொந்தளிப்பை விளைவித்த சமூகக் கேள்வி விதவை மறுமணம். 1856-இலேயே சட்டம் அனுமதித்துவிட்டது, ஊர் அனுமதிக்கவில்லை. விஷ்ணு சாஸ்திரி பண்டிட் தொடங்கிய மறுமணச் சங்கத்தில் ரானடே முன்னணியில் நின்றார். 1870-இல் புனேயில் சங்கராசாரியர் முன்னிலையில் இது குறித்துப் பெரிய விவாதம் நடந்தது. சீர்திருத்தக்காரர்கள் தோற்றதாக முடிவு சொல்லப்பட்டது. அவர்கள் சாதிவிலக்குக்கும் ஆளானார்கள். சாத்திரங்களிலிருந்து மேற்கோள்களைத் திரட்டி, பால்ய விதவைகள் மீண்டும் மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று வாதாடியவர் ரானடே.

1873 அக்டோபரில் அவருடைய மனைவி சக்குபாய் நோயுற்று மறைந்தார். பிள்ளைப் பருவத்திலேயே மணமுடித்து, ஏறத்தாழ இருபது ஆண்டு உடன் வாழ்ந்தவர். ரானடேயின் துயரம் அளவிறந்ததாக இருந்தது. இரவுகளில் துக்காராமின் அபங்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விடுவார் என்று வீட்டார் கண்டிருக்கிறார்கள்.

சீர்திருத்த நண்பர்கள் அனைவரும் இப்போது ஒன்றையே எதிர்பார்த்தார்கள். மறுமணம் செய்துகொண்டால் ரானடே ஒரு விதவையைத்தான் மணப்பார். பிறருக்குச் சொன்னதைத் தாமே செய்து காட்டுவார். அதையே அவருடைய தந்தையும் எதிர்பார்த்தார், எதிர்பார்த்து அஞ்சினார். மனைவி இறந்து ஒரு மாதம் ஆகுமுன் அவர் மகனுக்குப் பெண் தேடத் தொடங்கினார். நண்பர்களின் கடிதங்கள் மகனை எட்டாதபடி இடைமறித்து வைத்துக்கொண்டார். சாதாரா பகுதியைச் சேர்ந்த குர்லேகர் குடும்பத்துப் பெண் ஒருத்தி அமைந்தாள். அவளுக்கு வயது 11. ரானடேக்கு வயது 31.

மகன் மறுத்தார், மன்றாடினார். தமக்கு இனித் திருமணமே வேண்டாம் என்றார். தந்தை அசையவில்லை. மகன் இணங்காவிட்டால் தாம் கோலாப்பூருக்குத் திரும்பிவிடுவதாகவும், உறவு அத்தோடு முடிந்ததாகவும் சொன்னார். பெண்ணின் தந்தையிடமாவது பேசிப் பார்க்கலாமென்று ரானடே முயன்றார். தாம் விதவை மறுமணத்தை ஆதரிப்பவர், பார்க்கத் திடமாக இருந்தாலும் கண்ணும் செவியும் பழுதானவர், சீமைக்குப் போக எண்ணமுள்ளவர், போய்வந்தால் பிராயச்சித்தம் செய்துகொள்ள மாட்டாதவர் என்று தமக்கு எதிராகத் தாமே வாதாடினார். அவர் அதற்கும் பின்வாங்கவில்லை.

ரானடே பணிந்தார். 1873 டிசம்பரில் திருமணம் நடந்தது. அன்றும் அவர் நீதிமன்றத்துக்கு விடுப்பு எடுக்கவில்லை. வைதிகச் சடங்கைத் தவிர வேறு ஆடம்பரம் எதுவும் கூடாதென்று முன்பே சொல்லியிருந்தார். சடங்கு முடிந்ததும் வீட்டுக்கு நடந்தே திரும்பினார். எவரோடும் பேசாமல் தம் அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சாத்திய அக்கதவுக்குப் பின்னால் அவர் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. வெளியே நிகழ்ந்ததை உலகம் அறியும். நண்பர்கள் கசந்தார்கள், எதிரிகள் எள்ளினார்கள். கொள்கைக்காகத் தந்தையைத் துறந்திருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். தந்தையின் மனம் நோக ஒரு நன்மையும் செய்ய இயலாது என்பது ரானடேயின் நிலை. இது கோழைத்தனமா, பித்ருபக்தியா என்பது குறித்து இன்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. இதைப் பிழையென்று சொல்வோர் முன்வைக்கும் ஒரு நியாயத்தைத் தள்ள முடியாது: பணிந்தவருக்கு வயது 31, அந்தப் பணிவின் விலையைச் செலுத்த வேண்டியவளோ 11 வயதுச் சிறுமி. அதை ரானடேயைவிட ஆழமாக உணர்ந்தவர் இருந்திருக்க முடியாது. அவர் அடுத்துச் செய்தது அதைக் காட்டுகிறது.

மாடியறைப் பள்ளிக்கூடம்

மணப்பெண்ணின் பெயர் ரமாபாய். அவளுக்கு எழுத்தறிவு இல்லை. பெண்கள் படித்தால் குடும்பத்துக்குக் கேடு என்ற நம்பிக்கை அவளுடைய பிறந்தகத்தில் நிலவியது. மகளைப் புகுந்தகத்தில் விட்டுச் செல்லும்போது தந்தை சொன்ன புத்திமதி, எவர் எது சொன்னாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக் குறைகளைக் கணவன் காதில் போடக் கூடாது என்பதுதான்.

தந்தை ஊருக்குத் திரும்பிய அன்று மாலை, ரானடே அந்தச் சிறுமியை மாடியறைக்கு அழைத்தார். தம் பெயர் தெரியுமா என்று கேட்டார். கணவன் பெயரைச் சொல்லாத மரபில் வந்தவளானாலும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியுமா என்றார்; தெரியாது என்றாள். அன்றிரவே கற்பலகையும் பலப்பமும் வந்தன. மராத்தி நெடுங்கணக்கின் முதல் எழுத்துகள் அன்று அந்தப் பலகையில் எழுதப்பட்டன. மனைவி என்ற பெயரில் தம் இல்லம் வந்த குழந்தைக்கு அவர் முதலில் ஆசிரியரானார்.

பகலெல்லாம் நீதிமன்றம். மாலையில் பொதுப்பணி, சார்வஜனிக சபையின் கூட்டங்கள், பிரார்த்தனா சமாஜத்தின் வழிபாடு, வந்துகொண்டே இருக்கும் மனிதர்கள். இவ்வளவும் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் பாடம். முதலில் மராத்தி, பிறகு கணக்கு, பூகோளம், வரலாறு. சில ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலம்.

கீழ்த்தளத்தில் இருந்த பெண்மக்களுக்கு இது பொறுக்கவில்லை. மாடியில் கணவனோடு பாடம் படிக்கும் மருமகளை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. கேலி பேசினார்கள், பேசாதிருந்தும் வதைத்தார்கள். படித்தே ஆகவேண்டுமென்றால் மறைவாகப் படி, நாலு பேர் எதிரில் புத்தகத்தைத் தொடாதே என்றார்கள். பள்ளி ஆசிரியை ஒருவரை வீட்டுக்கே வரவழைத்துப் பாடம் தொடர்ந்தபோது குமுறல் இன்னும் பெருகியது. ரமாபாய் தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார். ஒன்றையும் கணவரிடம் சொல்லவில்லை.

ரானடேக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. அவர் ஒரு சொல்லால் அந்த வீட்டை அடக்கியிருக்கலாம். வீட்டின் சம்பாத்தியம் அவருடையது. அவர் அப்படிச் செய்யவில்லை. சிற்றன்னையையோ சகோதரியையோ கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. பாடத்தை நிறுத்தவும் இல்லை. துர்கா போன்றவர்கள் பட்ட துன்பத்திலிருந்தே அவர்களுடைய கடுமை பிறக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். கல்வி என்ற கதவு அவர்களுக்கு ஒருநாளும் திறக்கப்படவில்லை; அது இன்னொருத்திக்குத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. மனைவியிடம் அவர் சொன்னதெல்லாம் பொறுமை என்ற ஒன்றுதான். அந்தப் பொறுமையை ஒரு சிறு பெண்ணிடம் எதிர்பார்த்தது நியாயமா என்று கேட்கலாம். ரமாபாயே தம் நினைவுக்குறிப்புகளில் அந்நாட்களின் கண்ணீரை மறைக்கவில்லை.

ரானடே வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. மனைவியின் நடத்தை அவருக்கு வருத்தம் தந்தால் அவர் அளித்த தண்டனை மௌனம் ஒன்றே. இரவில் கணவரின் உள்ளங்காலில் நெய் தடவிவிடுவது ரமாபாயின் வழக்கம். வீட்டுப் பெண்களுக்கு அஞ்சி ஒருமுறை கணவரின் விருப்பத்துக்கு மாறாக நடந்துவிட்டபோது, அன்றிரவு நெய் தடவி முடித்த பிறகும் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ரமாபாய் அழுது மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அதைப் பற்றிய பேச்சே இல்லை.

உணவிலும் அவருக்கு ஒரு நெறி இருந்தது. நண்பர் ஒருவர் நல்ல அல்போன்சா மாம்பழங்கள் அனுப்பியிருந்தார். ரமாபாய் நறுக்கிக் கொடுத்தார். ஓரிரு துண்டுகளைச் சுவைத்து, பழம் மிக அருமை என்று பாராட்டி, மீதியை மற்றவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அருமையென்றால் இன்னும் உண்பதுதானே என்று மனைவி கேட்டபோது, பம்பாயில் மாணவனாக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். அவர் குடியிருந்த இடத்தில், நல்ல நிலையில் வாழ்ந்து நொடித்துப்போன குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மையாருக்குப் பல கறிவகைகளுடன் உண்டு பழகிய நாக்கு. ஒன்றுக்கே வழியில்லாத நாட்களில் அந்த நாக்கு படுத்திய பாட்டைச் சொல்லிச் சொல்லி அவர் நொந்துகொள்வார். அதைக் கேட்ட இளைஞர் ரானடே, எந்தச் சுவைக்கும் ஓர் எல்லை கட்டிவிடுவதென்று அன்றே தீர்மானித்துக்கொண்டார். மாம்பழத்துக்கும் அந்த எல்லை உண்டு, அவ்வளவுதான்.

நீதியின் இருக்கை

1879 மே மாதம் புனேயில் பேஷ்வாக்கள் காலத்து மாளிகைகளான புதவார் வாடாவும் விஷ்ராம்பாக் வாடாவும் தீப்பிடித்தன. வாசுதேவ பல்வந்த பட்கேயின் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த சமயம். அறிவாளர்கள்தாம் பின்னாலிருந்து தூண்டுகிறார்கள் என்று அரசு ஐயுற்றது. முன்பே நாசிக்குக்கு மாற்றப்பட்டிருந்த ரானடே உடனே தூலியாவுக்குப் போகுமாறு பணிக்கப்பட்டார். கோடை விடுமுறை முடியும்வரைகூட அரசு பொறுக்கவில்லை. நண்பர்கள் எதிர்த்து எழுதச் சொன்னார்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படிவது சேவகனின் கடமை என்று அவர் புறப்பட்டுவிட்டார். தூலியாவில் அவருக்கு வந்த கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. கிளர்ச்சிக்காரர்கள் எழுதியது போன்ற பொய்க் கடிதங்களும் வந்தன. அவற்றை அவர் அப்படியே காவல் அதிகாரியிடம் ஒப்படைத்தார். சில மாதங்களில் ஐயம் தானே கரைந்தது. ஐயுற்றது தவறு என்பதை ஆங்கிலேய அதிகாரியே பின்னர் அவரிடம் ஒப்புக்கொண்டார்.

அவருடைய நீதிப்பணியில் தலையாயது தக்காணத்து உழவர்களுக்காக அவர் செய்தது. 1875-இல் புனே, அகமத்நகர் மாவட்டங்களில் கடன்பட்ட உழவர்கள் வட்டிக்காரர்களின் வீடுகளைச் சூழ்ந்து, கடன் பத்திரங்களைப் பிடுங்கி எரித்தனர். அதன் விளைவாக 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் வழக்கத்தை அது மாற்றியது. கடன் எப்படித் தொடங்கியது, வட்டி எப்படி ஏறியது என்பதையெல்லாம் தோண்டிப் பார்க்கும் கடமை நீதிபதிக்கு வந்தது. கடனுக்காக உழவனைச் சிறையிலிடுவதும் நின்றது. புனே, சாதாரா, அகமத்நகர், சோலாப்பூர் ஆகிய 4 மாவட்டங்களின் கீழ் நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் 1881 முதல் உதவி நிலையிலும், 1887 முதல் தனி நீதிபதியாகவும் ரானடே பணிபுரிந்தார்.

ஆண்டில் பல மாதம் சுற்றுப்பயணம். கூடாரங்களில் தங்கல். ரமாபாயும் உடன் சென்றார். கணவர் ஏடுகளைச் சோதித்துக்கொண்டிருக்கையில், ரமாபாய் அவ்வூர்ப் பெண்களைச் சந்திப்பார். கண்பார்வை மங்கிய நீதிபதிக்கு நாளேடுகளையும் நூல்களையும் படித்துக் காட்டும் பொறுப்பு மெல்ல மெல்ல அவரைச் சேர்ந்தது. கற்பலகையில் தொடங்கியவர் இப்போது ஆசானுக்குக் கண்ணானார்.

1886-இல் அரசின் நிதிக் குழுவில் உறுப்பினராக ரானடே கல்கத்தாவில் தங்க நேர்ந்தது. வங்கமொழி கற்க ஆவல் கொண்டு புத்தகம் வாங்கித் தாமே படிக்கலானார். உச்சரிப்பைத் திருத்த ஆசிரியர்? சவரம் செய்ய வந்த நாவிதரிடமே உரக்கப் படித்துக் காட்டிப் பிழைகளைத் திருத்திக்கொண்டார். ரமாபாய் இதைக் கண்டு சிரித்தார். தத்தாத்ரேயருக்கு 24 குருமார் வாய்த்த கதையைச் சுட்டிக் கேலி செய்தார். நீதிபதி தாம் அறிந்ததை உடனே மனைவிக்குச் சொல்லிக் கொடுக்க, ரமாபாயும் வங்கமொழி படிக்கத் தெரிந்துகொண்டார்.

1893-இல் காசிநாத் திரியம்பக் தெலாங் மறைந்ததையடுத்து, ரானடே பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். பதவி உயர்ந்ததால் அவமதிப்பு நின்றுவிடவில்லை. சென்னையில் மாநாடு முடிந்து ரயிலில் திரும்பும் வழியில், சோலாப்பூர் நிலையத்தில் நண்பர்களோடு பேச அடுத்த பெட்டிக்குச் சென்றிருந்தார். அப்போது ஏறிய ஆங்கிலேயர் ஒருவர் அவருடைய சாமான்களைத் தரையில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் படுத்துக்கொண்டார். திரும்பிவந்த ரானடே எதுவும் பேசாமல், உடன் வந்த டாக்டர் பண்டார்க்கரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டார். புனே வந்ததும், தாம் அவமதித்தது உயர் நீதிமன்ற நீதிபதியை என்று அறிந்த அந்த மனிதர் மன்னிப்புக் கேட்க ஓடிவந்தார். ரானடே முகம் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். நடவடிக்கை எடுக்கப்போவதில்லையா என்று கோபால கிருஷ்ண கோகலே பின்னர் கேட்டார். இதனால் பயனில்லை என்ற ரானடே, வேறொரு கேள்வியை அவருக்குத் திருப்பினார். நம் நாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களை நாம் அன்றாடம் நடத்தும் முறையை எண்ணிப் பார்த்தால், குற்றமற்ற மனத்தோடு பிறர்மேல் குற்றம் சாட்ட நமக்கு முடியுமா என்பதே அக்கேள்வி. இதைக் கோகலே தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

சமூகச் சீர்திருத்தத்துக்கென ஆண்டுதோறும் கூடிய இந்திய சமூக மாநாட்டை உருவாக்கியதில் ரானடேக்கே முதற்பங்கு. அதன் முதல் கூட்டம் 1887 டிசம்பரில் சென்னையில் நடந்தது. இங்குள்ள சீர்திருத்தவாதி திவான் பகதூர் ரகுநாத ராவ் அதில் அவருக்குத் துணையாக நின்றார். அதன்பின் ஆண்டுதோறும் மாநாட்டுக்குச் செல்வதை அவர் ஒரு விரதம்போல் காத்தார்.

ஒரு கோப்பைத் தேநீர்

பணிவு அவருக்கு இன்னொரு முறையும் சோதனையாயிற்று. 1890 அக்டோபரில் புனேயில் கிறித்தவ மிஷன் பள்ளி ஒன்றின் நிகழ்ச்சிக்கு நகரப் பெரியோர் அழைக்கப்பட்டிருந்தார்கள். ரானடே, திலகர், கோகலே முதலியோர் சென்றிருந்தனர். முடிவில் தேநீர் வழங்கப்பட்டது. வந்திருந்தவர்களின் பெயர்ப்பட்டியல் பத்திரிகையில் வெளியாயிற்று. வைதிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சங்கராசாரியர் வரை விஷயம் சென்று, விசாரணைக் குழுவே அமைந்தது. பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் வீட்டில் திருமணமோ திதியோ நடத்தப் புரோகிதர் வரமாட்டார் என்ற நிலை ஏற்பட்டது.

ரானடே ஒருவர் மட்டும் என்றால் அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார். அவரோடு விலக்கப்பட்ட நண்பர்களின் குடும்பங்கள் தவித்தன. வயது முதிர்ந்த பெற்றோர் கண்ணீர் விட்டனர். அவர் செய்துகொண்டால் தாங்களும் செய்துகொண்டு வீட்டில் அமைதி பெறலாம் என்று நண்பர்கள் வந்து நின்றார்கள். 1892-இல் ரானடே பிராயச்சித்தம் செய்துகொண்டார். சீமைக்குப் போய்வந்தாலும் பிராயச்சித்தம் கிடையாது என்று 1873-இல் சொன்ன அதே மனிதர்! சீர்திருத்த வட்டாரம் அதிர்ந்தது. ரமாபாய்க்கே அது பிடிக்கவில்லை. மனத்தாங்கலை அவர் மறைக்கவும் இல்லை. பிறர் துயர் தீரத் தமக்குச் சிறுமை வந்தால் வரட்டும் என்பதற்கு மேல் ரானடே தமக்காக வாதாடவில்லை. தமக்கு எதிராகவே வலக்கையால் காயுருட்டிய பழைய பழக்கம் போகவில்லை. ஆனால் ஊர் அறிந்த தலைவர் ஒருவர் இப்படிப் பணியும்போது, அவரைப் பார்த்துத் துணிந்து நின்ற இளைஞர்கள் தனித்துவிடப்படுகிறார்கள் என்ற மனக்குறை அன்று எழுந்தது உண்மை. அதற்கு அவரிடம் விடை இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு பூசல்களுக்கிடையே அவரைத் தாங்கி நின்றது பக்தி. 1897-இல் அமராவதி காங்கிரஸ் முடிந்து ரயிலில் திரும்புகையில், விடியற்காலை நாலு மணிக்குக் கோகலே விழித்துக்கொண்டார். எதிர் இருக்கையில் ரானடே எழுந்து உட்கார்ந்து, துக்காராமின் இரண்டு அபங்கங்களைக் கைத்தாளத்தோடு திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். குரலில் இசை இல்லை. ஆனால் அதில் இருந்த உருக்கம் கோகலேயைப் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரச் செய்தது. வீட்டிலும் விடியலில் இதுவே வழக்கம். சொற்கள் முன்பின்னாக வரும், சந்தம் தவறும். கேட்டு ரமாபாய் சிரிப்பதுண்டு.

1900 இறுதியில் இதயநோய் கடுமையாயிற்று. லாகூரில் கூடிய சமூக மாநாட்டுக்கு முதன்முறையாக அவரால் போக முடியவில்லை. அதைச் சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. வசிஷ்டரையும் விசுவாமித்திரரையும் பொருளாகக் கொண்டு அவர் எழுதி அனுப்பிய உரையைக் கோகலே அங்கே படித்தார். 1901 ஜனவரி 16 இரவு பம்பாயில் ரானடே மறைந்தார். ஐம்பத்தொன்பது வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ரமாபாய் புனே திரும்பி, சில காலம் எவரையும் சந்திக்காமல் வாழ்ந்தார். பின்னர் சிறையிலிருந்த பெண்களைச் சென்று பார்க்கத் தொடங்கினார். 1909-இல் புனேயில் சேவா சதனம் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. விதவைகளும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களும் அங்கே எழுத்தும் தொழிலும் கற்றார்கள். செவிலியர் பயிற்சிக்கும் சென்றார்கள். 1910-இல் கணவரோடு வாழ்ந்த வாழ்வின் நினைவுகளை மராத்தியில் நூலாக எழுதி வெளியிட்டார். மாடியறையும் மாம்பழமும் கல்கத்தா நாவிதரும் உலகுக்குத் தெரிந்தது அந்த நூலினால்தான். 1924-இல் மறையும்வரை ரமாபாய் சேவா சதனத்தின் பணியிலேயே இருந்தார்.